எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதுமா?

தமிழில் இடுபணி எழுதிக் கணினியில் சேமிக்கும் மாணவர் யாரைக் கேட்டாலும் ஒரு குறை சொல்வார். வீட்டில் ஒழுங்காக இருந்த கட்டுரை விரிவுரையாளரின் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது என்பார் ஒருவர். எழுத்தின் அளவை 12 என்று வைத்தாலும் அடுத்த பத்தியில் அது பழைய அளவுக்கே ஓடிவிடுகிறது என்பார் இன்னொருவர். 10 பக்கக் கட்டுரை போட்டோஸ்டேட் கடைக் கணினியில் 12 பக்கமாக நீண்டுவிட்டது என்பார் மூன்றாமவர். யாரோ அனுப்பிய பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிக் கிடக்கிறது என்பதும் வழக்கமான புலம்பல்தான்.

இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. "தமிழ்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சிலர் கையால் எழுதிக் கைப்பேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கோப்பில் ஒட்டுகிறார்கள். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் புலனத்தில் அனுப்புகிறார்கள். பலர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

"அப்படித்தான்" என்ற அந்த ஒரு சொல்லை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ், கணினிக்கு ஒத்துவராத மொழி அன்று. நாம் சந்திக்கும் கோளாறுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும், மருந்தும் உண்டு. மருந்து இருந்தும் நாம் கண்டுகொள்ளாமல் விட்டால், நமக்கு முன்னால் படித்தவர்கள் எழுதிவைத்தவை நம் கண் முன்னாலேயே படிக்க முடியாதவை ஆகிவிடும்.

கணினிக்குத் தெரிவது எண் மட்டுமே

எழுத்துருச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. 'க' என்று நாம் தட்டினால் அது ஓர் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்துத் திரையில் வரைகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். அந்த எண்ணுக்குப் போட்டுவிடும் சட்டைதான் எழுத்துரு.

தொடக்கக் காலக் கணினிகளில் மொத்தம் 256 எண்களே கிடைத்தன. அவற்றில் முதல் 128 எண்களை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் எடுத்துக்கொண்டன. நம்மிடம் இருப்பதோ 247 எழுத்து. எப்படிப் பார்த்தாலும் இடம் போதாது. அதனால் தட்டச்சுப் பொறியில் செய்ததுபோலவே எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி என்று கிடைத்த இடத்தில் அடுக்கினார்கள். ஒவ்வொரு எழுத்துருவைச் செய்தவரும் தமக்கு வசதிப்பட்ட வரிசையில் அடுக்கினார்.

பாமினி என்ற பழைய எழுத்துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எண்களாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. பாமினி இருக்கும் கணினியில் அது 'தமிழ்' என்று தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தாகவே தெரியும். கணினி இதில் தவறு ஏதும் செய்யவில்லை. நாம் அதனிடம் கொடுத்த எண்கள் உண்மையிலேயே ஆங்கில எழுத்துக்கு உரியவை.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது. உலகின் எழுத்துமுறைகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கியது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒருங்குறியில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்கள். முறையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இந்த எண்கள் குளுவாங்கிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் ஒன்றே. எந்த எழுத்துருச் சட்டையைப் போட்டாலும் உள்ளே இருப்பது தமிழ்தான்.

வேர்டில் வரும் நான்கு கோளாறுகள்

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் அன்றாடச் சிக்கல்களைப் பார்ப்போம். திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே நோய் எது என்று சொல்லிவிடலாம்.

முதலாவது, ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாகத் தெரிவது. இது பழைய குறியாக்கக் கோப்பு. இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் எழுத்துருப் பட்டியலைத் திறந்து லதா, விஜயா, நிர்மலா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் களைத்துப் போகிறோம். எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, ஏனென்றால் உள்ளே இருக்கும் எண்கள் தமிழ் எண்கள் அல்ல. எந்தப் பழைய எழுத்துருவில் எழுதப்பட்டது என்று கண்டறிந்து, குறியாக்க மாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் பல உள்ளன.

இரண்டாவது, கட்டம் கட்டமாகத் தெரிவது. இது முதலாவதற்கு நேர் எதிர். உள்ளே இருப்பது சரியான ஒருங்குறித் தமிழ், ஆனால் அதை வரையத் தேவையான வடிவம் அந்த எழுத்துருவில் இல்லை. தமிழ் உள்ள ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த நொடியே சரியாகிவிடும். கட்டத்தைப் பார்த்துப் பயந்து, எழுதியதை அழித்துவிடாதீர்கள். எழுதியது பத்திரமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது, புள்ளிகளால் ஆன சிறு வட்டம் ஒன்றின் பக்கத்தில் கொம்போ காலோ தனியாக நிற்பது. பி.டி.எப். கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கும். ஒருங்குறியில் 'கெ' என்று எழுத முதலில் 'க', அதன் பிறகு கொம்பு. நாம் ஒலிக்கும் வரிசையும் அதுதான். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முன்னால் வருகிறது. பி.டி.எப். பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே கொடுப்பதால், கொம்பு ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் தனித்து நிற்கிறது. அந்த வட்டம், 'இங்கே ஒரு குறி எழுத்தில்லாமல் நிற்கிறது' என்று கணினி நமக்குக் காட்டும் அடையாளம். அந்த இடத்தை அழித்துத் திரும்பத் தட்டுவதே சரி.

நான்காவதுதான் நம்மைப் போன்ற இருமொழி, மும்மொழி மாணவர்களை விடாமல் துரத்துவது. மலாய்த் தலைப்பு, தமிழ் மேற்கோள், ஆங்கிலத் துணைநூல் பட்டியல் என்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12 என்று அமைப்போம். மலாயும் ஆங்கிலமும் கேட்கும். தமிழ் மட்டும் கேட்காது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் அந்தப் பத்தி மட்டும் சரியாகும். அடுத்த பத்தியில் மறுபடியும் பழைய கதை.

காரணம் இதுதான். டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்துகளே இல்லை. அதோடு, வேர்டு ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துருவையும் அளவையும் மொழி வகைக்கு ஏற்பத் தனித்தனியாகக் குறித்துவைக்கிறது. இலத்தீன் எழுத்து மொழிகளுக்கு ஒன்று. தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பெயரில் இன்னொன்று. தடித்த எழுத்துக்கான குறிப்புகூட இரண்டிலும் தனித்தனிதான். நாம் முதல் பெட்டியில் 12 என்று போட்டுவிட்டு, இரண்டாவது பெட்டி ஏன் கேட்கவில்லை என்று கோபப்படுகிறோம்.

மருந்து மேலே பூசுவது அன்று, அடியிலேயே போட வேண்டும். வேர்டின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 'ஸ்டைல்ஸ்' பட்டியலில் 'நார்மல்' மீது வலப்பக்கச் சுட்டியை அழுத்தி, 'மாடிஃபை', அடுத்து 'ஃபார்மட்', அடுத்து 'ஃபான்ட்' என்று போனால் அந்த இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்தில் தெரியும். இரண்டிலும் அளவு 12 என்று வையுங்கள். தமிழுக்கு உரிய பெட்டியில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இனித் தொடங்கும் எல்லாக் கோப்புக்கும் இதுவே என்று அங்கேயே குறித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. அதன் பிறகு பத்தி பத்தியாக மல்லுக்கட்ட வேண்டிய தேவை இல்லை.

போட்டோஸ்டேட் கடையில் பக்கம் கூடுவதற்கும் விளக்கம் உண்டு. லதா எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்தில் வந்தது. விஜயா, விண்டோஸ் 7 உடன் வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா வந்தது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் கூடுதல் வசதி என்ற பிரிவுக்குப் போய்விட்டன. தமிழை மொழியாகச் சேர்த்த கணினியில் அவை இருக்கும், சேர்க்காத கணினியில் இல்லாமல் போகலாம். கடைக்காரரின் கணினியில் லதா இல்லையென்றால் வேறோர் எழுத்துரு அந்த இடத்தில் உட்காரும். அதன் அகலமும் வரி உயரமும் வேறு என்பதால் பக்கம் கூடும் அல்லது குறையும். அச்சிடக் கொடுக்கும்போது பி.டி.எப். ஆக்கிக் கொடுங்கள், அல்லது சேமிக்கும் அமைப்பில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் பயன்படுத்தினால், எந்தக் கணினியிலும் சட்டப்படி நிறுவிக்கொள்ளலாம்.

இது நம் ஊர்க்காரர்களும் தீர்த்துவைத்த சிக்கல்

தமிழைக் கணினியில் ஏற்றும் வேலையில் தமிழ்நாட்டுக்கு இணையாக மலேசியாவும் சிங்கப்பூரும் உழைத்தன என்பது என் வயது மாணவர்கள் பலருக்குத் தெரியாது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் முரசு அஞ்சல். ஒலிக்கும்படியே தட்டும் அஞ்சல் விசைமுறை அவர் தந்தது. ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துருவும் அவருடைய படைப்பு. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப உதவிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்கேதான் முதன்முதலில் நடந்தது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதே மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 'டேம்', 'டேப்' என்று இரண்டு எழுத்துருத் தரங்களை ஏற்றது. முன்னது தமிழுக்கு மட்டும், பின்னது தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவோர்க்கு. இருமொழிக் கோப்பின் தலைவலி அப்போதே தெரிந்திருக்கிறது. இன்னொரு பக்கம் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றது.

இன்றைய விண்டோசில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைமுறைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆப்பிள் கணினியிலும் இரண்டும் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை, கள்ளப் பிரதி தேட வேண்டியதும் இல்லை. இவ்வளவு வசதி வந்த பிறகும் "தமிழ்னா அப்படித்தான்" என்று சொல்வது, அந்த உழைப்பை நாம் தெரிந்துகொள்ளவே இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

ஒரு தம் டிரைவில் கண்டது

கடந்த பருவத்தில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகத்தின் பழைய ஆண்டு மலர்களைத் தொகுக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. முன்னாள் செயலவை உறுப்பினரான அக்கா ஒருவர் பத்திரமாக வைத்திருந்த தம் டிரைவைக் கொடுத்தார். ஆண்டு வாரியாகக் கோப்புறைகள் இருந்தன. அண்மைய ஆண்டுகளின் கோப்புகள் தடையில்லாமல் திறந்தன. பழைய கோப்புறைகளுக்குப் போகப் போக ஆங்கில எழுத்துக் குப்பைதான்.

அதில் ஒரு கோப்பை எழுத்துரு கண்டுபிடித்து மாற்றினோம். தோட்டப்புறப் பள்ளி ஒன்றைப் பற்றி அங்கே படித்த மாணவர் எழுதிய கட்டுரை அது. காலைப் பிரட்டு மணி, பால் கொட்டகை, மதிய உணவுக்கு வரிசையில் நிற்பது, ஆற்றோரத்துக் கோயில் திருவிழா என்று எல்லாம் அதில் இருந்தன. ஜொகூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெயர்ப்பலகைகூட மிஞ்சவில்லை. அந்த இடத்தைப் பற்றி யாராவது தேடினால், தேடுபொறிக்கு இந்தக் கட்டுரை அகப்பட்டிருக்காது. 'தோட்டம்' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும், கணினியின் கணக்கில் அந்தக் கோப்பில் 'தோட்டம்' என்ற சொல் ஒரு முறைகூட இல்லை.

எல்லாக் கோப்பும் அவ்வளவு எளிதாக வழிக்கு வரவில்லை. எந்த எழுத்துரு என்று கோப்பிலேயே பெயர் இருந்தும், அந்த எழுத்துரு எங்கேயும் கிடைக்காத கோப்புகளும் இருந்தன. அச்சான மலர் ஒரு படியாவது யாரிடமாவது இருந்தால்தான் அவற்றை மீட்க முடியும். சிலவற்றுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பூட்டிய வீட்டின் முன்னால் சாவியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

எழுத்துருக் கோளாறு என்பது அழகு தொடர்பான சின்ன விஷயம் என்று நினைப்போருக்கு நான் சொல்வது இதுதான். பழைய குறியாக்கத்தில் உள்ள கட்டுரையைத் தேட முடியாது. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைபடிப்பான் அதை வாசிக்காது. 'ஜே, கே, பி, ஓ' என்று எழுத்துக்கூட்டும். மொழிபெயர்ப்புக் கருவிக்கும் ஒப்புமைச் சோதனை மென்பொருளுக்கும் அது தமிழாகவே தோன்றாது. நாளை செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மலேசியத் தமிழர் வாழ்வைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பேசினால், நாம் எழுதியவற்றை அவை படிக்கும் எண்களில் வைக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

எதிர்க்கருத்துகளும் உண்டு

பழையதையே பயன்படுத்தும் மூத்தவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமன்று. இதழ்களையும் மலர்களையும் பக்கம் அமைத்தவர்கள் பல்லாண்டு பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களை நம்பியிருந்தார்கள். அதில் ஒருங்குறித் தமிழ் வராது. அன்று கையில் இருந்த கருவியை வைத்து அவர்கள் மலர் கொண்டுவந்தார்கள். அவர்கள் அப்படிச் செய்யாவிட்டால் மாற்றுவதற்கு இன்று நமக்கு எதுவுமே இருந்திருக்காது. விரலுக்குப் பழகிய விசைமுறையை 50 வயதுக்கு மேல் மாற்றுவதும் எளிதன்று. ஆனால் விசைமுறை வேறு, குறியாக்கம் வேறு. பழைய தட்டச்சு முறையிலேயே தட்டி, ஒருங்குறியில் சேமிக்கும் மென்பொருள்களும் உண்டு.

இன்னொரு கருத்து, ஒருங்குறியே தமிழுக்கு நியாயம் செய்யவில்லை என்பது. இலக்கணப்படி 'தமிழ்' மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து எண். 'ழ்' என்ற மெய்யெழுத்துக்குத் தனி எண் இல்லை. ழகரத்தையும் புள்ளியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இந்தக் குறையைப் போக்கவே ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்16' என்ற முறையைத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் உருவாக்கினார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதையும் ஏற்றது. இந்த விவாதத்தில் பொருள் இருக்கிறது, கணினியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் அதை ஆழ்ந்து படிக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நாளை காலை அனுப்ப வேண்டிய இடுபணிக்கு எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் ஒரு முறை வேண்டும். இன்று அது ஒருங்குறிதான்.

மூன்றாவதாக, மாற்றிகள் பிழை செய்கின்றன என்பார்கள். உண்மை. பாமினிக் கோப்பில் 'ஜொகூர்' என்ற சொல்லை யாராவது ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால், மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து 'துழாழச' என்று ஆக்கிவிடும். எங்கள் குழு அந்தச் சொல்லைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. ஆகவே மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். அந்த வேலைக்கு மென்பொருளைவிடத் தமிழ் தெரிந்த கண் முக்கியம். அது நம்மிடம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டி, முதலில் பழைய குறியாக்கங்களில் வெளியிட்டு, பிறகு ஒருங்குறிக்கும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய சுமையை அவர்கள் ஏற்ற முடிந்ததென்றால், ஒரு கழகத்தின் ஆண்டு மலர்களை நாம் ஏற்ற முடியாதா?

என்ன செய்யலாம்?

என் இடைநிலைப்பள்ளிக் காலம் முழுவதும் கணினிப் பாடம் படித்தேன். அட்டவணை போடவும் படக்காட்சி செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் விசைப்பலகையை எப்படித் திறப்பது என்று ஒரு நாள்கூடப் பேச்சு வந்ததில்லை. யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடப்பது, நம் தமிழ் வகுப்போ பல பள்ளிகளில் பாட நேரத்துக்கு வெளியே நடப்பது. இரண்டுக்கும் நடுவில் இந்தச் சின்னத் திறன் விழுந்துவிட்டது. அதை எடுத்து நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான். சில வழிகளை முன்வைக்கிறேன்.

இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு சந்திப்பையாவது தமிழ்த் தட்டச்சுக்கு ஒதுக்கலாம். மொழியைச் சேர்ப்பது, விசைமுறையைத் தேர்ந்தெடுப்பது, 'நார்மல்' அமைப்பில் இரண்டு பெட்டிகளையும் சரிசெய்வது ஆகிய மூன்றையும் ஒரு மணி நேரத்தில் செய்துகாட்டிவிடலாம். எஸ்.பி.எம். தமிழ் எடுக்கும் மாணவர் அதற்குப் பிறகு எங்கே போய்ப் படித்தாலும் இது கைகொடுக்கும்.

கட்டுரைப் போட்டி, சிறுகதைப் போட்டி நடத்துவோர் விதிமுறையில் 'எழுத்துரு லதா, அளவு 12' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், 'ஒருங்குறியில் மட்டும்' என்ற இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டுகிறேன். எழுத்துரு எதுவாயினும் அவர்கள் நொடியில் மாற்றிக்கொள்ளலாம். குறியாக்கம் தவறாக இருந்தால்தான் வேலை கெடும்.

தமிழில் இடுபணி கேட்கும் விரிவுரையாளர்கள், இரண்டு பெட்டியும் சரியாக அமைந்த ஒரு மாதிரிக் கோப்பை மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஒருவர் ஒரு முறை செய்தால் வகுப்பு முழுவதும் பிழைத்துக்கொள்ளும். பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள்.

பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களிடம் கேட்பது கொஞ்சம் பெரிய வேலை. உங்கள் பழைய மலர்கள், நாடகப் பிரதிகள், கூட்ட அறிக்கைகள் யாரிடம் இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். பட்டம் பெற்றுப் போன அண்ணன்மார், அக்காமாரின் பழைய மடிக்கணினிகள் குப்பைக்குப் போவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து வாங்க மறக்காதீர்கள். எழுத்துரு இருந்தால்தான் மாற்றியதைச் சரிபார்க்க முடியும். பருவத்துக்கு ஒரு மலர் என்று வைத்துக்கொண்டாலும் நாம் பட்டம் பெறுவதற்குள் ஆறேழு மலர்களை மீட்டுவிடலாம். மாற்றியதை ஒருங்குறியில் ஒரு படியும், பார்ப்பதற்கு பி.டி.எப். ஒரு படியும் வைத்து, இரண்டு இடத்தில் சேமித்துவிட்டால் அடுத்த செயலவைக்கு இந்தத் தலைவலி இருக்காது.

மாணவ நண்பர்களே, இன்றிரவே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களிடமோ உங்கள் வீட்டிலோ உள்ள மிகப் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறங்கள். அப்பாவின் திருமண உரையாக இருக்கலாம், கோயில் ஆண்டறிக்கையாக இருக்கலாம், அக்காவின் பள்ளிக் கட்டுரையாக இருக்கலாம். தேடும் பெட்டியில் அதில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சொல்லைத் தமிழில் தட்டித் தேடுங்கள். கிடைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கிடைக்கவில்லையென்றால், அதைத் தட்டியவர் அருகில் இருக்கும்போதே எந்த எழுத்துருவில் எழுதினார் என்று கேட்டு, ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் வேலையை வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.